தகைவிலான்கள் கிளம்பும் நேரம்

இங்கிலாந்தில் இந்தக் கிராமத்து வீட்டுக்கு வந்தபின் எங்களுக்கு இது முதல் கோடை. ஆகஸ்ட் பிறந்ததும் தோட்டம் திடீரென்று அடங்கிவிட்டது. விடியற்காலையில் பாடி எழுப்பிய பிளாக்பேர்ட் பறவையைக் காணோம். ஏதாவது நோயோ என்று பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். பழைய இறகு உதிர்ந்து புதுசு முளைக்கிற காலம், அதுவரை புதருக்குள் ஒதுங்கித்தான் இருக்கும் என்றார். உழவாரன் குருவிகளும் அதற்குள் வலசை போய்விட்டன. இப்போது ராபின் மட்டும் மெல்லிய குரலில் பாடுகிறது. குளிர்காலத்துக்கு ஆணும் பெண்ணும் தனித்தனியே இடம் பிடித்துக்கொள்வதால் இரண்டுமே பாடுமாம்.

இருட்டிய பிறகு வேலியோரம் புஸ்புஸ்ஸென்று மூச்சுச் சத்தம். முள்ளெலி! பால் வைக்கக் கிளம்பிய என்னைப் பெரியவர் தடுத்தார். பால் அதற்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்துவிடும். தட்டையான பாத்திரத்தில் தண்ணீரும், கொஞ்சம் இறைச்சிப் பூனைத் தீனியும் போதும். கோடைக் கடைசியில் பிறக்கும் குட்டிகள் குளிர்காலத் தூக்கத்துக்கு முன் உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்காது. வேலியின் அடியில் 13 செ.மீ. சதுரத்துக்கு ஒரு வழி வெட்டிவிட்டோம். ஒரே இரவில் பல தோட்டங்களைச் சுற்றுகிற பிராணி அது.

புல்தரையில் சில நாள் காலையில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்கிற விலங்கின் வேலை. மண் காய்ந்தால் மண்புழுக்கள் ஆழத்துக்குப் போய்விடும், அப்போது வண்டுப் புழுக்களுக்காகத் தோண்டும். தோண்டட்டும். புல் மறுபடி வளரும்.

ஆனால் மனம் போய் நிற்பது தகைவிலான் குருவிகளிடம்தான். தமிழ்நாட்டில் அவற்றைக் குளிர்கால விருந்தாளியாக, மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பதாகத்தான் பார்த்திருக்கிறேன். கூடு கட்டுவதைப் பார்த்ததே இல்லை. இங்கே பெரியவரின் கொட்டகை உத்திரத்தில் சேற்று உருண்டைகளை ஒட்டிக் கட்டிய கிண்ணம் போன்ற கூட்டைப் பார்த்ததும், தெரிந்தவர் வீட்டுக்குள் முதன்முறை நுழைந்ததுபோல் இருந்தது. இங்கிருந்து அவை நம் பக்கம் வருவதில்லை. நமக்கு வருபவை ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து. இவை சஹாராவைக் கடந்து தென்னாப்பிரிக்கா வரை போகும். ஏறக்குறைய 20 கிராம் எடைதான், ஆனால் பயணமோ சுமார் 10,000 கிலோமீட்டர்!

இன்று காலை கம்பியில் 17 எண்ணினேன். கூட்டில் இன்னும் மூன்று குஞ்சுகள் இருக்கின்றன. அவை பறக்கும்வரை கொட்டகைக் கதவைச் சாத்தப்போவதில்லை என்று பெரியவர் கதவுக்குக் கல் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்.