நிலாவில் விழுந்த தடம்

கல்யாண வீடியோதான் எனக்குப் பிழைப்பு. நாமக்கல், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் என்று மண்டபம் மண்டபமாகக் கேமராவோடு அலைகிறவன். போன வருஷம் அரசுப் பள்ளி டீச்சர் ஒருவர், பிள்ளைகள் நிலாவுக்குப் போகிற கதையைக் குறும்படமாக எடுத்துத் தரச் சொன்னார். கதை பிள்ளைகளே எழுதியது.

ராக்கெட்டின் உள்பக்கம் முழுக்க முட்டை அட்டை. நாமக்கல்லில் அதற்கா பஞ்சம்? அட்டைக்கு 30 குழி, ஒவ்வொன்றும் ஒரு பட்டன். எது எதற்கு என்று ஆறாவது படிக்கும் பெண் ஒருத்தி நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒத்திகையில் நான் ஏதோ ஒன்றை அழுத்தப் போக, "அண்ணா, அது கதவுங்க!" என்று கையைப் பிடித்துவிட்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

நிலா மண்ணுக்குப் பள்ளி மைதானத்தில் கிரஷர் தூளைப் பரப்பினோம். அப்போதுதான் டீச்சர் சொன்னார்: நம் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை, நிலாவின் மேட்டுநிலப் பாறையை ஒத்ததாம். அதைப் பொடித்துத்தான் இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்து, சந்திரயான்-2இன் லேண்டரையும் ரோவரையும் சோதித்திருக்கிறது. அந்த வழியாக எத்தனை முகூர்த்தத்துக்கு வண்டி ஓட்டியிருப்பேன்! கேட்டபிறகு பிள்ளைகள் தூளில் கால் வைக்கிற விதமே மாறிப்போனது. அங்கே நம் எடை ஆறில் ஒரு பங்குதான் என்று தெரிந்துவைத்து, மிதந்து மிதந்து நடந்தார்கள். ஸ்லோமோஷன் போடலாம் என்றிருந்தேன், தேவைப்படவில்லை.

கோணம் மாற்ற நடுவில் நடந்துவிட்டேன். செருப்புத் தடம் அப்படியே பதிந்துவிட்டது. விளக்குமாறு எடுக்கப் போனவனை ஒரு பையன் மறித்தான்.

"நெலாவுல காத்து இல்லீங்ணா. தடம் அழியாதுங்களே."

கல்யாண வீடியோவில் இப்படி ஒன்று வந்தால் எடிட்டிங்கில் வெட்டிவிடுவோம். இவர்கள் ஐந்து பேரும் தடத்தைச் சுற்றிக் குந்தினார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, நான் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அந்தப் பையன் எழுந்தான்.

"நமக்கு முன்னாடியே ஆரோ வந்துட்டுப் போயிருக்காங்கடா."

கதை அங்கேயே திரும்பிவிட்டது. மீதிப் படம் முழுக்க அந்தத் தடத்தின் பின்னாலேயே போனார்கள், நான் அவர்கள் பின்னால் போனேன். தடம் முடிந்த இடத்தில் என் ட்ரைபாட் அழுத்திய மூன்று குழிகள். நோட்டுக்காரப் பெண் மண்டியிட்டு, ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தாள்.

"அவங்க கப்பல் எறங்குன எடமுங்க."