ஆஸ்திரேலியாவுக்குப் பயம், மணலியில் வேலை

வடசென்னையில் மணலி, மாதவரம், எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டுகளில் பியூமிகேஷன், அதாவது சரக்குக்கு விஷவாயு அடித்துப் பூச்சியைக் கொல்லும் வேலை, பார்ப்பவர்களுக்குப் பூச்சி என்பது பெரும்பாலும் காகிதத்தில் வருகிற பெயர்தான். எந்த நாடு, என்ன சரக்கு, எத்தனை கிராம், எத்தனை மணி நேரம், அவ்வளவுதான் கேட்போம். அப்படி வந்த பெயர்களில் 2020க்குப் பிறகு எங்களை அதிகமாக ஆட்டிவைத்தது கப்ரா வண்டு.

வேடிக்கை என்னவென்றால் அது நம்ம ஊர்ப் பூச்சி. அதன் பிறப்பிடம் இந்தியா என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். வளர்ந்த வண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், அதற்குப் பறக்கவும் வராது. கெடுதல் முழுக்க புழுவால். உடம்பெல்லாம் முடியோடு, பழுப்பு நிறத்தில், தானியத்தைத் தின்று, தோலை உரித்து உரித்துப் போட்டு மூட்டையையே நாசம் செய்துவிடும். சாப்பாடு கிடைக்காவிட்டால் ஏதாவது இடுக்கில் போய் முடங்கிக்கொண்டு வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், வழக்கமான மருந்து அளவுக்கும் லேசில் சாகாது. நம் வீட்டில் பருப்பில் வண்டு விழுந்தால் வெயிலில் காயவைத்துப் புடைத்து எடுத்துவிட்டு சாம்பார் வைக்கிறோம். ஆஸ்திரேலியாவில் அது இன்னும் குடியேறவில்லை. நுழைந்துவிட்டால் 20 ஆண்டுகளில் 1,550 கோடி ஆஸ்திரேலிய டாலர் நஷ்டம் என்று அந்த அரசாங்கமே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. 2007இல் பெர்த் நகரில் வெளிநாட்டிலிருந்து குடிவந்த ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமானில் இந்த வண்டு இருந்ததென்று, முழு வீட்டையும் ஷீட் போட்டு மூடி மருந்தடித்தார்கள். ஒரு வீட்டையே!

2020இல் இறக்குமதியான ஃப்ரிட்ஜ் பேக்கிங்கில் வண்டு கிடைத்த பிறகு விஷயம் வேறு மாதிரி ஆனது. ஃப்ரிட்ஜில் தானியம் ஏது? முன்னே எப்போதோ அரிசியோ பருப்போ ஏற்றிப்போன கன்டெய்னரின் தரை இடுக்கில் புழு உட்கார்ந்திருக்கிறது, பிறகு ஏறும் சரக்கோடு அதுவும் பயணம் செய்கிறது. ஆகவே சரக்கை மட்டும் பார்த்தால் போதாது, பெட்டியையும் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அரிசி, கொண்டைக்கடலை, துவரை, சீரகம், மல்லி, காய்ந்த மிளகாய் என்று நம் அஞ்சறைப்பெட்டியையும் பருப்பு டப்பாவையும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டு, அதையெல்லாம் பயணிகள் தங்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவதற்கும் தபாலில் அனுப்புவதற்கும் தடை வந்தது. 2021இலிருந்து, இந்த வண்டு உள்ள நாடுகளிலிருந்து கிளம்பி அங்கே தானியம் விளையும் பகுதிகளுக்குப் போகும் கன்டெய்னர்களுக்கும் மருந்து கட்டாயமானது.

அதை எங்கள் யார்டில் யாருக்காவது புரியவைக்க முயன்று பாருங்கள். கிரானைட் ஏற்ற வந்த டிரைவர் ஒருவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து, "இன்னா சார், உள்ள ஏறப்போறது கல்லு. கல்லத் துன்ற வண்டு எங்கனா கீதா?" என்று கேட்டார். கல்லுக்கு இல்லைண்ணே, பெட்டிக்கு என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. சரி வாங்க என்று காலி கன்டெய்னருக்குள் கூட்டிக்கொண்டு போய், பலகைத் தரையும் இரும்புச் சுவரும் சேருகிற இடத்தில் டார்ச் அடித்து ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் கிளறினேன். கறுத்துப்போன நாலைந்து அரிசி வந்தது, கூடவே தவிட்டுத் தூள், அதில் முடி முடியாக ஏதோ உரிந்த தோல். அது கப்ராவுடையதா அதன் பங்காளி யாருடையதாவதா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது, அதற்கு மைக்ராஸ்கோப்பும் தெரிந்த ஆளும் வேண்டும். ஆனால் கேட்டவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "அடப்பாவி, நல்லாப் பெருக்கின மாதிரிதானே இருந்துச்சு" என்றார்.

மருந்து என்றால் மெத்தில் புரோமைடு வாயு. சரக்கைத் தாங்கும் மரப் பேலட்டுக்குப் பொதுவாக ஒரு கனமீட்டருக்கு 48 கிராம், 24 மணி நேரம். கப்ராவுக்கு 80 கிராம், 48 மணி நேரம், அதுவும் முடிகிறபோது 24 கிராமாவது உள்ளே மிச்சம் இருக்க வேண்டும். இருபது அடி கன்டெய்னர் ஒன்றுக்கு இரண்டரை கிலோவுக்கு மேல் போகும். எண்ணூர்க் கடற்காற்றில் பெட்டியை மூடிய ஷீட் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டால் ரீடிங் இறங்கிவிடும், மணல் பையை இன்னொரு வரிசை வைத்து மறுபடியும் பார்க்க வேண்டும். இந்த 48 மணி நேரத்தில்தான் எல்லாச் சண்டையும். கப்பல் கட்ஆஃப், அதாவது சரக்கைத் துறைமுகத்தில் சேர்க்க வேண்டிய கடைசி நேரம், நெருங்கும்போது ஏற்றுமதிக்காரர் தரப்பிலிருந்து போன் வரும்: "ஒரு நாள் போதாதா சார், சர்ட்டிபிகேட்ல மட்டும் ரெண்டு நாள்னு போட்டுக்கலாமே." அந்தக் காகிதத்தை நம்பித்தான் அங்கே ஒருவன் கோதுமை வயலுக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறக்கிறான். அதைச் சொன்னால், வேறு கம்பெனியில் செய்து தருகிறார்கள் என்பார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவேன். அங்கே போய்ப் பூச்சி அகப்பட்டால் மருந்து போட்ட கம்பெனியையே அந்த நாடு நிறுத்திவைக்கும் என்பது இவர்களுக்கும் தெரியும்தான், கட்ஆஃப் நாளில் மட்டும் மறந்துபோகும்.

ஒரு சின்ன வண்டுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று ஆரம்பத்தில் எனக்கும் எரிச்சல் இருந்தது. பப்பாளி மாவுப்பூச்சி வந்த கதையை நினைத்தபோது அது போய்விட்டது. 2008இல் கோயம்புத்தூர் பக்கம் முதலில் தெரிந்து, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி விவசாயிகளை அழவைத்தது. எந்த மருந்துக்கும் சரியாக மசியவில்லை. கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, வளர்த்து, தோட்டம் தோட்டமாக விட்ட பிறகுதான் அடங்கியது. நல்ல வெற்றிதான், நம் விஞ்ஞானிகளைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் பூச்சி வந்து சேர்ந்த பிறகு அதற்கு எதிரியைத் தேடி உலகம் சுற்றுவதைவிட வாசலிலேயே மறிப்பது மலிவு. ஆஸ்திரேலியா செய்வது அதைத்தான்.

என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. 48 மணி நேரம் முடிந்து ஷீட்டைத் திறந்தால் அந்த வாயு எங்கே போகும்? மணலிக் காற்றில்தான். மெத்தில் புரோமைடு ஓசோனைக் கெடுக்கும் என்று மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி மற்ற உபயோகங்களை உலகம் பெரும்பாலும் கைவிட்டாயிற்று, பூச்சி நாடு விட்டு நாடு பரவாமல் தடுக்கும் இந்த மாதிரி வேலைக்கு மட்டும் விலக்கு. நாங்கள் முகமூடி போட்டு, போர்டு வைத்து, காற்றில் அதன் அளவு 5 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கு, கீழே இறங்கும்வரை யாரையும் பக்கத்தில் விடுவதில்லை. ஆனால் 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்த ராத்திரி வீட்டை விட்டு ஓடிய ஜனங்களுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் மண்டை ஓடு படம் போட்ட போர்டு இருந்தால் எப்படி இருக்கும்? வந்து கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான்.

இதே வண்டுக்கு வெப்பச் சிகிச்சையையும் அந்த நாடு ஏற்றுக்கொள்கிறது: 60 டிகிரி, 180 நிமிடம். காலிப் பெட்டிக்கும் கல்லுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது, இரண்டு நாள் காத்திருக்கவும் வேண்டாம், காற்றில் எதுவும் கலக்காது. முதலீடும் கரண்ட் பில்லும்தான் இடிக்கும். இத்தனை யார்டு இருக்கிற இந்தப் பக்கத்தில் எல்லோரும் பங்கு போட்டுப் பொதுவாக ஒரு வெப்ப அறை வைத்தால் என்ன என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை கிடைத்த பதில், "பாக்கலாம் சார், மொதல்ல இந்த லோடு சர்ட்டிபிகேட்டக் குடுங்க."