கிராஃப் ஏறுச்சு, ஆனா பயத்துலயா சந்தோஷத்துலயா?

ஒரு தெருவுல நடக்கறவங்களுக்கு எந்த இடத்துல மனசு எப்படி மாறுதுன்னு அளக்கறதுதான் என்னோட மாஸ்டர்ஸ் ப்ராஜெக்ட், இப்பதான் முடிச்சேன், இதே வேலைய ஆரம்பிக்கப் போறவங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

விரல்ல ரெண்டு எலக்ட்ரோடு மாட்டுவோம். மனசு கிளர்ந்தா லேசா வேர்க்கும், தோல் கரண்ட் கடத்தறது கூடும், அத சென்சார் மைக்ரோசீமென்ஸ்ங்கிற அலகுல பதிவு பண்ணும், கூடவே போன்ல ஜிபிஎஸ். 2004லயே கிறிஸ்டியன் நோல்ட்ங்கிற கலைஞர் பயோ மேப்பிங்னு இத ஆரம்பிச்சு உணர்ச்சி மேப் போட்டிருக்கார்.

என்னோட முதல் ரெண்டு பேர் டேட்டா மொத்தமா போச்சு. மதிய வெயில்ல நடக்க விட்டுட்டேன், வெயில்ல வேர்த்ததா மனசால வேர்த்ததான்னு பிரிக்கவே முடியல. அப்புறம் காலையில மட்டும்தான், நடக்கறதுக்கு முன்னாடி 10 நிமிஷம் சும்மா உக்கார வச்சு அவங்க சாதாரண அளவ எடுத்துக்கிட்டேன். இன்னொண்ணு, எதையாவது பாத்தவுடனே கிராஃப் ஏறாது, 1லருந்து 3 செகண்ட் கழிச்சுதான் ஏறும், அதுக்குள்ள ஆள் சில மீட்டர் தள்ளிப் போயிருப்பாங்க, அத கழிக்காம மேப்ல புள்ளி வச்சா தப்பான இடத்துல விழும்.

அந்த ரூட்ல ஜன்னலே இல்லாத ஒரு நீள சுவர் இருக்கு. 2011ல நியூயார்க்ல காலின் எல்லார்ட்ங்கிற உளவியல் ஆராய்ச்சியாளர் இதே மாதிரி மொட்டையான கட்டட முகப்பு முன்னாடி ஆளுங்கள நிறுத்திப் பாத்தப்ப அவங்க உற்சாகம் இறங்கியிருக்கு, எனக்கும் பெரும்பாலானவங்களுக்கு கிராஃப் தட்டையாத்தான் வந்துச்சு. ஒரு வயசான அம்மாவுக்கு மட்டும் அங்க பெரிய ஏத்தம், முனை திரும்பினதும் கிட்டத்தட்ட அதே உயரத்துல இன்னொண்ணு. நடந்து முடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள உக்காந்து பேசினேன். கிராஃப காட்டாம முதல்ல சும்மா "எங்கெங்க என்ன தோணுச்சும்மா"ன்னு மட்டும் கேட்டேன், காட்டிட்டு கேட்டா காரணத்த நாமளே சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிடும். "அந்த செவுத்துகிட்ட பின்னாடி யாரோ வர்ற சத்தம் கேட்டுச்சுப்பா, ஒதுங்கக் கூட எடம் இல்ல"ன்னாங்க. முனையில? ஜன்னல்ல ஒரு குழந்தை டாட்டா காட்டுச்சாம்.

சென்சாருக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதனால தயவுசெஞ்சு பேட்டிய கடைசி வேலையா தள்ளாதீங்க, சென்சாருக்கு குடுக்கற அதே நேரத்த அதுக்கும் ஒதுக்குங்க.

எல்லாரோடதையும் சேத்து சராசரி எடுத்தப்ப அந்த சுவர் திரும்பவும் தட்டையாயிடுச்சு, அந்தம்மா பயந்தது அதுக்குள்ள காணாமப் போயிடுச்சு. எனக்கு மனசு ஒப்பல. அவங்க சம்மதம் கேட்டு, அவங்க கிராஃப மட்டும் தனியா வரைஞ்சு, சொன்ன வார்த்தைய அப்படியே பக்கத்துல போட்டுத்தான் ரிப்போர்ட் குடுத்தேன்.