முகம் காட்டாத கல்

மனிதர்களைக் கைப்பேசியிலிருந்து சற்று நேரம் பிரித்து வைப்பதற்கென்று ஒரு கைப்பேசிச் செயலியை, காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, ஒன்றரை ஆண்டாக எழுதி வருகிறேன். இதிலுள்ள முரணை வீட்டில் அனைவரும் தலைக்கு ஒருமுறையாவது சொல்லிக் காட்டிவிட்டார்கள்.

அடிப்படை எளியது. 1980களின் இறுதியில் மாணவராக இருந்த இத்தாலியர் பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றைத் திருகி வைத்துக்கொண்டு படித்தார். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று அமைந்த அம்முறைக்கு, தக்காளிக்கு இத்தாலியில் வழங்கும் பொமோடோரோ என்ற பெயரே நிலைத்துவிட்டது. பின்னர் வந்த செயலிகள் அதனோடு விளையாட்டைச் சேர்த்தன. ஃபாரஸ்ட் செயலியில் நேரம் ஓட ஓட ஒரு மரம் வளரும். இடையில் வேறு செயலிக்குப் போனால் பட்டுப்போகும். நான் மரத்துக்குப் பதிலாக, எங்கள் பக்கத்து வீடுகளின் தரையில் பதிக்கும் பூ வேலைப்பாடுள்ள ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொண்டேன். 25 நிமிடத்துக்கு ஒரு கல். கல் சேரச் சேர ஒரு வீட்டின் தரை நிறையும்.

முதல் பதிப்பில், நடுவே எழுந்து போனால் கல் சத்தத்தோடு உடையும். அதை எழுதியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அக்காள் மகள்தான் முதலில் பயன்படுத்தினாள்; மூன்றாம் நாளே நீக்கிவிட்டாள். "மாமா, அப்பா சிங்கப்பூர்லேர்ந்து கூப்பிடுறப்ப எடுக்காம இருக்க முடியுமா? அதுக்கு ஏன் என் கல்லை உடைச்சீங்க?" என்று கேட்டாள். செயலி திரையிலிருந்து விலகியது என்ற செய்தி மட்டுமே எனக்கு வந்துகொண்டிருந்தது. அழைப்புக்காக விலகினாளா, காணொளிக்காக விலகினாளா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. எந்தச் செயலி திறந்திருக்கிறது என்பதை அறிய ஆண்ட்ராய்டில் பயன்பாட்டு விவரத்தைப் பார்க்கும் அனுமதி வேண்டும், ஆனால் பிறருடைய கைப்பேசி நடமாட்டம் முழுவதையும் எட்டிப் பார்க்க எனக்கு மனமில்லை. அழைப்பு நடக்கிறதா என்பதை மட்டும் கைப்பேசியின் ஒலி நிலையைக் கொண்டு தனி அனுமதியின்றி அறியலாம் என்பதால், அதோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது அழைப்பு வந்தால் கல் காத்திருக்கும்.

அடுத்த பிழை பரிசுப்பெட்டி. சில கற்களுக்குப் பின் எதிர்பாராத வகையில் ஒரு அரிய வண்ணம் கிடைக்கும்படி வைத்தேன். எத்தனையாவது முறை பரிசு வரும் என்று தெரியாதபோது உயிர்கள் ஒரு செயலை விடாமல் திரும்பத் திரும்பச் செய்யும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து காட்டியிருக்கிறார். எந்தப் பொறியிலிருந்து பயனரை மீட்க நினைத்தேனோ, அதையே என் செயலிக்குள் கட்டி வைத்திருந்தேன். அண்ணன் மகனோ ஒரு படி மேலே போய், இரவு முழுவதும் கடிகாரத்தை ஓடவிட்டுத் தூங்கி, காலையில் 16 கற்களோடு எழுந்தான். உழைப்பைவிடக் கல் முக்கியமாகிவிட்டால் இதுதான் நடக்கும். 1971இல் உளவியலாளர் எட்வர்ட் டெசி, புதிர்களை விரும்பிச் செய்த மாணவர்களில் ஒரு பகுதியினருக்குப் பணம் கொடுத்துப் பார்த்தார். பணம் நின்றபின் அவர்கள் ஓய்வு நேரத்தில் அப்புதிர்களைத் தொடுவது குறைந்தது. பரிசுப்பெட்டியை எடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு 8 கற்கள் என்று வரம்பும் வைத்தேன்.

அதன் பிறகும் ஒரு குறை இருந்தது. கல் உருவாவதைப் பயனர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வண்ணம் நிரம்பும் அசைவை அழகாக வரைந்திருந்தேன். அந்த அழகே கவனச்சிதறல் ஆயிற்று.

இதற்கு விடை ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றில் கிடைத்தது. அங்கே கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அடைக்கிறார்கள். பூ வேலை கண்ணாடியைப் பார்த்தபடி கீழே கிடக்கிறது. செய்பவர் கண்ணில் படுவது கல்லின் முதுகுதான். இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவேண்டும். கண்ணாடி விலகும்போதுதான் பளபளப்பான முகம் தெரிகிறது. இத்தனை ஆண்டு அந்தத் தரையில் நடந்திருந்தும் இதை நான் கேட்டுக்கொண்டதில்லை என்பது வெட்கத்துக்குரியது.

திரும்பி வந்து அசைவுகளை எல்லாம் அழித்தேன். இப்போது 25 நிமிடமும் திரை சாம்பல் நிறத்தில் வெறுமையாக இருக்கிறது, எண்கள்கூட ஓடுவதில்லை. நொடி நொடியாக எண்ணாமல் முடியும் நேரத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்வதால், மின்கலத்தைச் சேமிக்கக் கைப்பேசி செயலியை உறங்க வைத்தாலும் கணக்குத் தவறுவதில்லை. முடிந்த கல் தொட்டிக்குப் போய்விடும். மறுநாள் காலையில்தான் முகம் தெரியும். முன்பு, விடாமல் எத்தனை நாள் பயன்படுத்தினார்கள் என்று காட்டும் தொடர்ச்சி எண், ஒரு நாள் தவறினால் பூச்சியமாகும். அந்த எண்ணையே நீக்கிவிட்டேன்.

கல் தயார் என்று காலையில் அறிவிப்பு அனுப்பலாமா என்பதில்தான் நெடுநாள் தடுமாறினேன். அனுப்பினால் செயலியைத் திறப்பவர் கூடுவார்கள் என்று எனக்குத் தெரியும்; ஆயினும் அனுப்பவில்லை. போன வாரம் அக்காள் மகளிடம் தரை எப்படி வந்திருக்கிறது என்று கேட்டேன். நான்கு நாளாகப் பார்க்கவே இல்லை மாமா, படிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்றாள். 27 கற்கள் தொட்டியிலேயே கிடந்தன.