பதினான்கு தடவை ரப்பர்

3.6.2025, செவ்வாய்

ஓவியம் வழியாக மனநல சிகிச்சை தருவது என் வேலை. இன்று ஒரு புதுப் பையன், வயது பதின்மூன்று. "எனக்கு வரைய வராது மிஸ்" என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தான். வாட்டர்கலரை அவன் பக்கம் நகர்த்தினேன். பிரஷ்ஷைத் தொடவே 11 நிமிடம் ஆனது. அப்புறம் மளமளவென்று ஒரு சீனரி: இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஆறு, குடிசை, தென்னை. நம் பிள்ளைகளின் கை தானாகப் போடுகிற படம். இப்படி வார்ப்புப் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதை, ஓவிய சிகிச்சையின் முன்னோடி ஈடித் கிராமர் தற்காப்பு என்றார்.

5.6.2025, வியாழன்

சிகிச்சைக்குள் வராமல் இப்படி விலகி நிற்பதை 'எதிர்ப்பு' என்போம். அதை எப்படி அளப்பது? உளவியலாளர் மஹாலிக் 1994-இல் தந்த அளவுகோலில் எதிர்ப்பு ஐந்து வகை. ஆனால் அது பேச்சைக் கேட்டு மதிப்பெண் போடுவது. இவன் பேசுவதே இல்லை. ஓவிய சிகிச்சையாளர்கள் கான்ட்டும் தபோனும் உருவாக்கிய அளவுகோலில், ஒருவர் மரத்திலிருந்து ஆப்பிள் பறிக்கும் படத்தை வரையச் சொல்லி, நிறம், இடம், உயிர்ப்பு என்று 14 கூறுகளுக்கு 0 முதல் 5 வரை போட வேண்டும். அது எதிர்ப்புக்காகச் செய்ததல்ல. நிறம் குறைந்தால் மனச்சோர்வா, விருப்பமில்லையா? சரி, நானே ஒரு தாளில் கோடு போட்டேன்: தொடங்க ஆன நேரம், ரப்பர் போட்ட தடவை, "போதுமா மிஸ்" எத்தனை.

10.6.2025, செவ்வாய்

9 நிமிடம். 'போதுமா' ஆறு. அதே சீனரி. ஆற்றின் நீலம் ஓடி மலைக்குள் இறங்கியது. சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தான், தாள் பிய்ந்துவிட்டது. உடனே என்னை நிமிர்ந்து பார்த்தான், அடி விழப்போகிறது என்பதுபோல. ராத்திரி முழுக்க அந்தப் பார்வைதான்.

17.6.2025, செவ்வாய்

பெயின்ட்டை எடுத்து வைத்துவிட்டேன். பென்சில், ரப்பர், பாதித் தாள். 2 நிமிடத்தில் தொடங்கிவிட்டான்! 'போதுமா' ஒன்றுகூட இல்லை. ரப்பர் மட்டும் 14 தடவை. என் தாளின்படி அது கடும் எதிர்ப்பு. ஆனால் அழித்ததெல்லாம் ஒரே இடம், குடிசையின் கதவு. திறந்து வரைந்தான், மூடினான், மறுபடி திறந்தான். அவன் மிகவும் ஈடுபட்டுச் செய்ததை நான் எதிர்ப்புக் கணக்கில் வைத்திருக்கிறேன். அந்தக் கட்டத்தை அடித்துவிட்டேன்.

நீர் வண்ணம் கைக்கு அடங்காது, பென்சில் அடங்கும், படித்ததுதான். முதல் நாளே பெயின்ட்டைக் கொடுத்தது என் தப்பு. அந்த 11 நிமிடத்தில் பாதி என்னுடையது. இனி ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், மேசையில் என்ன வைத்தேன் என்று எழுதுவேன்.

24.6.2025, செவ்வாய்

"போன வாரம் வரைஞ்சது இருக்கா மிஸ்?" அவனாகக் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். கதவுக்குள்ளே ஏதோ சின்னதாக வரைந்து, தாளைக் கவிழ்த்து வைத்தான். நான் திருப்பிப் பார்க்கவில்லை.