பொய் கேஸை வாபஸ் வாங்கினார். நான் நஷ்டஈடு கேட்டேன்

"அதான் கேஸை வாபஸ் வாங்கிட்டாரே, இன்னும் எதுக்கும்மா கோர்ட்டுக்கு அலையறே?" ஊரில் எல்லாரும் என்னிடம் கேட்டது இதைத்தான். செய்யாத குற்றத்துக்குக் கூண்டில் நின்றவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். அதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வேலூர் மாவட்டம், அணைக்கட்டுப் பக்கம். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது சாதாரணம். என் கணவரும் ராணுவத்தில்தான். அதனால் நிலம், கிணறு, மாமியார் எல்லாம் என் பொறுப்பு. கிணற்றில் எங்களுக்குப் பாதி, கணவரின் பெரியப்பா மகனுக்குப் பாதி. எனக்கு மூத்தார் முறை. எங்கள் பங்கை அவர் கேட்டார், விற்க மாட்டோம் என்றோம். 2022ல் இரண்டு கேஸ் வந்தது. நாங்கள் தண்ணீர் இறைக்கக் கூடாது என்று சிவில் கோர்ட்டில் தாவா போட்டு, இடைக்காலத் தடையும் வாங்கியிருந்தார். கூடவே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிநபர் புகார்: நான் அவருடைய மோட்டார் கேபிளை வெட்டினேனாம், தட்டிக் கேட்டதற்குக் அடித்துவிடுவேன் என்று மிரட்டினேனாம், எல்லாம் அவர் கண்ணெதிரே நடந்ததாம்.

அவர் சொன்ன அந்த மாலையில் நான் மாமியாருடன் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் இருந்தேன். அது அவருக்கு நன்றாகத் தெரியும். அன்று பழப் பையோடு சித்தியைப் பார்க்க வந்ததே அவர்தான்.

நாங்கள் பதில் மனு போட்டதும் தடையாணை விலகிவிட்டது, பயிர் தப்பியது. கிரிமினல் கேஸ்தான் வாய்தா வாய்தாவாக இழுத்தது. சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் பெயர் கூப்பிடும்வரை நிற்பதும், தெரிந்தவர்கள் பார்த்துவிட்டுப் போவதும் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. கடைசியில் அவர் சாட்சியாகக் காட்டிய மெக்கானிக்கே வர மறுத்ததும், கேஸை முடித்துக்கொள்ளலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் வழியாகச் சொல்லி அனுப்பினார். இரண்டு பேரும் ராஜி மனுவில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

என் வக்கீல் அம்மா உடனே தடுத்தார். "ஏம்மா, ராஜின்னு கையெழுத்துப் போட்டா ரெண்டு பேரும் சமாதானமா முடிச்சுக்கிட்டதா ஆயிடும். அப்புறம் இது பொய் கேஸ்னு நீ சொல்றது நிக்காது. வேணும்னா அவரே வாபஸ் வாங்கட்டும்."

அவரே வாங்கினார். எங்களுடையது சம்மன் கேஸ் வகை என்பதால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 257ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் அனுமதித்து என்னை விடுதலை செய்தார். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் அது 280ஆம் பிரிவு. 'விடுதலை' என்று எழுதிய அந்த உத்தரவுதான் பின்னால் எனக்கு அஸ்திவாரம்.

சிவில் தாவாவையும் சேர்த்தே வாபஸ் வாங்கினார். அதற்கும் நஷ்டஈடு கேட்கலாம் என்று நினைத்தேன். நம் நாட்டில் பொய்யான சிவில் வழக்குக்காக இப்படித் தனியாக வழக்குப் போடப் பொதுவாக வழி இல்லையாம். அந்தத் தாவாவிலேயே செலவுத்தொகை கேட்கலாம், சிவில் நடைமுறைச் சட்டம் 35ஏ பிரிவில், பொய் வழக்குக்கு ஈடாகத் தரும் ஈட்டுச் செலவு கேட்கலாம். ஆனால் அதற்கு உச்சவரம்பு 3,000 ரூபாய். போதிய காரணமில்லாமல் வாங்கிய தடையாணைக்கு 95ஆம் பிரிவில் 50,000 வரை கேட்க இடமுண்டு. ஆனால் அந்த மனுவில் உத்தரவு வந்துவிட்டால் அதே தடைக்காகத் தனி வழக்குப் போட முடியாது. பயிர் தப்பியதால் அதை விட்டுவிட்டோம். 3,000 ரூபாய் வரம்பு இன்றைக்கும் எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. வக்கீல் முன்பணத்துக்குக்கூட அது காணாது.

கிரிமினல் கேஸுக்கு வழி இருந்தது, ஆனால் நேரம் குறைவு. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் 74ஆம் இனப்படி விடுதலையான நாளிலிருந்து ஒரே ஒரு வருடம். உத்தரவு நகல் கைக்கு வரத் தாமதமானாலும் அந்த நாட்களைக் கழித்துக்கொள்ள முடியாது. அப்பீலுக்குத்தான் அந்தச் சலுகை. எனவே நகல் மனுவை உடனே போடுங்கள்.

2023ல் 3 லட்சம் கேட்டு வழக்குப் போட்டோம். கோர்ட் கட்டணம் நூற்றுக்கு 3 வீதம், 9,000 ரூபாய். 2017க்கு முன் இது 7.5 சதவீதமாக இருந்தது. வக்கீல் செலவு, போக்குவரத்து, மன உளைச்சல், ஊரில் போன மரியாதை எல்லாம் சேர்த்த தொகை அது.

விடுதலையான உத்தரவைக் காட்டினால் ஜெயித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது முதல் படி மட்டும்தான். நியாயமான காரணம் இல்லாமலே புகார் கொடுத்தார், கெட்ட எண்ணத்தோடு கொடுத்தார், அதனால் எனக்கு நஷ்டம் வந்தது என்று எல்லாவற்றையும் நான்தான் நிரூபிக்க வேண்டும். அவர் நிஜமாகவே என்னைச் சந்தேகப்பட்டிருந்தால், சந்தேகம் தப்பாகவே இருந்தாலும், எனக்கு ஒன்றும் கிடைக்காது. இது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். இல்லாவிட்டால் உண்மையில் பாதிக்கப்பட்டவர்களும் புகார் கொடுக்கப் பயப்படுவார்கள்.

அவருடைய வக்கீலும் அதையே பிடித்துக்கொண்டார்: "கேபிள் அறுந்து கிடந்தது, இவங்க மேலதான் சந்தேகம் வந்தது." ஆனால் புகாரில் சந்தேகம் என்ற பேச்சே இல்லை. 'நேரில் பார்த்தேன்' என்று சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்திருந்தார். கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர் சந்தேகத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது. வக்கீல் அம்மா சி.எம்.சி. டிஸ்சார்ஜ் சம்மரியையும், நேரம் அச்சான மருந்துக் கடை ரசீதையும் காட்டினார். அப்புறம், அன்று மாலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூத்தாரே போட்ட போட்டோ. கட்டிலில் மாமியார், பக்கத்தில் நான், கீழே 'சித்தி நல்லா இருக்காங்க' என்று அவர் எழுதியது. அதனுடன், மின்னணு ஆதாரத்துக்குத் தர வேண்டிய 65பி சான்றிதழை முறையாக இணைத்திருந்தோம் (புதிய சாட்சியச் சட்டத்தில் 63ஆம் பிரிவு). அது இல்லாமல் வெறும் பிரிண்ட் அவுட் கொடுத்திருந்தால் அங்கேயே ஆட்சேபம் வந்திருக்கும். குறுக்கு விசாரணையில் "இந்த போட்டோ யார் எடுத்தது?" என்று வக்கீல் அம்மா கேட்டார். "நான்தான்" என்று சொல்லிவிட்டு மூத்தார் தலையைக் குனிந்துகொண்டார்.

கெட்ட எண்ணத்தைக் காட்ட, பஞ்சாயத்தில் உட்கார்ந்த ஒரு பெரியவர் சாட்சிக்கு வந்தார். "கிணத்துப் பங்கை எழுதிக் கொடுத்தா கேஸை எடுத்துடறேன்னு என்கிட்டயே சொன்னாரு" என்றார். சொந்தபந்தத்தைப் பகைத்துக்கொண்டு வந்து சொன்னார். அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

2025ல் ஒரு லட்சமும் வழக்குச் செலவும் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மீதியைத் தள்ளுபடி செய்தார்கள். வக்கீல் செலவுக்கு ரசீது இருந்தவரை ஏற்றார்கள், வாய்ச் சொல்லாகச் சொன்னதை ஏற்கவில்லை. அவர் அப்பீல் போயிருக்கிறார். பாதித் தொகையைக் கட்டினால்தான் தீர்ப்புக்குத் தடை என்று கோர்ட் சொன்னதால் அதைக் கோர்ட்டில் கட்டியிருக்கிறார். மனு போட்டு அதை எடுக்கலாமா என்று வக்கீல் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

பணம் இல்லையே என்று தயங்கும் பெண்களுக்கு ஒன்று: 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. விடுதலை உத்தரவின் நகலோடு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். அந்த ஒரு வருடம் முடிவதற்குள் போங்கள்.