பேட் நாட்குறிப்பு: முழங்காலில் தொடங்கிக் கழுத்து வரை

ஜூன் 2

ஹெல்மெட்டும் முழுவிரல் கையுறையும் வாங்கியாயிற்று என்றால் அடுத்த செலவு முழங்காலுக்கான பேட், அதாவது அடியைத் தாங்கும் மெத்தை. மவுன்டன் பைக்கிலிருந்து விழுகிறவர் பெரும்பாலும் கையையும் முழங்காலையும்தான் ஊன்றுகிறார். முழங்கால் சில்லுக்கும் தோலுக்கும் நடுவே சதை என்று சொல்ல எதுவும் கிடையாது. அதற்கு அடுத்தது முழங்கை. முதுகு, மார்பு, இடுப்பு எல்லாம் எந்த மாதிரி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஏற்றமும் இறக்கமும் கலந்த சாதாரண ட்ரெயிலுக்கு உறை போல மாட்டும் மெல்லிய முழங்கால் பேட் போதும். எண்டூரோவுக்கு (இறக்கங்களுக்கு மட்டும் நேரம் கணக்கிடும் நெடுந்தடப் போட்டி வகை) இன்னும் தடித்த முழங்கால் பேட், மெல்லிய முழங்கை பேட், கூடவே முதுகுக் கவசம். இறக்கம் மட்டுமே என்றால் தாடையையும் மூடும் ஃபுல்-ஃபேஸ் ஹெல்மெட், முழங்காலோடு கணைக்காலையும் மூடும் கவசம், முழங்கை, மார்பு, முதுகு. இறக்கம் மட்டுமேயான டவுன்ஹில் போட்டியில், சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யுசிஐ ஃபுல்-ஃபேஸ் ஹெல்மெட்டை மட்டும் கட்டாயமாக்குகிறது. மற்ற பேடுகளை வலுவாகப் பரிந்துரைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

முதல் முறை வாங்குகிறவர்கள் கடையில் இருப்பதிலேயே கனமானதைத் தூக்குவது வழக்கம். ஏற்றத்தில் வியர்த்துக் கொட்டும்போது அதைக் கணுக்காலுக்கு இறக்கிவிட்டு, இறக்கம் தொடங்கும்போது மேலே இழுக்க மறந்துவிடுவார்கள். நாள் முழுக்கக் கழற்றத் தோன்றாத பேடை எடுப்பது மேல்.

ஜூன் 4

இன்று லேபிள். பேடின் உள்பக்கம் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் படம் ஒன்றும் ஈஎன் 1621 என்ற எண்ணும் இருக்க வேண்டும். இது மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக எழுதப்பட்ட ஐரோப்பியத் தரம். மவுன்டன் பைக் பேடுகளும் இதிலேயே சோதிக்கப்படுகின்றன. பகுதி 1 கை, கால் மூட்டுகளுக்கு. பகுதி 2 முதுகுக்கு. பகுதி 3 மார்புக்கு.

சோதனை எளிது. 5 கிலோ எடையை 50 ஜூல் ஆற்றலோடு, அதாவது ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்திலிருந்து, பேடின் மேல் விழவிட்டு, அடியில் எவ்வளவு விசை கடந்து வருகிறது என்று அளக்கிறார்கள். மூட்டுப் பேடுகளில் சராசரி 35 கிலோநியூட்டனைத் தாண்டாவிட்டால் லெவல் 1, 20ஐத் தாண்டாவிட்டால் லெவல் 2. முதுகுக்கு இந்த வரம்பு கடுமையானது: லெவல் 1க்கு 18, லெவல் 2க்கு 9. ஆகவே 'லெவல் 2' என்பதை மட்டும் பார்த்து முழங்கால் பேடையும் முதுகுக் கவசத்தையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

எழுத்துகளையும் கவனிக்கவும். கே முழங்கால், ஈ முழங்கை, எஸ் தோள், ஹெச் இடுப்பு. டைப் ஏ என்றால் சோதிக்கப்பட்ட பரப்பு சிறியது, டைப் பி பெரியது. ஒரே லெவல் 2இல் ஒரு பேட் சில்லை மட்டும் மூடும், இன்னொன்று பக்கங்களையும் சேர்த்து மூடும். வித்தியாசம் இந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. டி பிளஸ் இருந்தால் 40 டிகிரி வெப்பத்திலும், டி மைனஸ் இருந்தால் மைனஸ் 10 டிகிரியிலும் தேறியது என்று பொருள். வெறும் 'சிஇ' முத்திரை (ஐரோப்பியச் சந்தைக்கான இணக்கக் குறி) மட்டும் இருந்து எண்ணோ லெவலோ இல்லையென்றால், அது அடியைத் தாங்கும் என்பதற்கு அந்த லேபிளில் ஆதாரம் இல்லை.

ஜூன் 5

நேற்றைய 50 ஜூல் ஆற்றலை ஒரு கணக்காகப் போட்டால் தடிமன் ஏன் முக்கியம் என்று புரியும். அந்த ஆற்றலை 10 மில்லிமீட்டருக்குள் நிறுத்தினால் சராசரி விசை 5 கிலோநியூட்டன். 20 மில்லிமீட்டர் கிடைத்தால் 2.5. ஆனால் எந்த நுரையும் தன் முழுத் தடிமனையும் அப்படிச் சீராகக் கொடுப்பதில்லை. முதலில் இலகுவாக அமுங்கும், கடைசியில் தரை தட்டும். தரை தட்டிய கணத்தில் விசை செங்குத்தாக ஏறும். சோதனையில் பதிவாகும் உச்ச விசை இந்தச் சராசரியைப் போலப் பல மடங்கு வருவதற்கு இதுதான் காரணம்.

ஜூன் 8

பொருள்கள். ஈவிஏ நுரை மலிவு, இலேசு. மெதுவாக அழுத்தினாலும் ஓங்கிக் குத்தினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். முழங்காலின் பக்கங்களில் வைக்க அது சரி. சில்லின் மேல் வைக்க டி3ஓ, சாஸ்-டெக் போன்ற வகைகளைத் தேடலாம். இவை மெதுவாக மடக்கினால் துணி போல வளையும், சட்டென்று அடி விழுந்தால் இறுகும். பெடல் மிதிக்கும்போது தொல்லை தராமல், விழும்போது வேலை செய்வது இதனால்தான். கடையிலேயே பார்க்கலாம்: பேடை மேஜையில் வைத்து விரலால் மெல்ல அழுத்தவும், பிறகு கைமுட்டியால் ஓங்கிக் குத்தவும். இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை என்றால் அது வெறும் நுரை.

இவற்றின் பலவீனம் வெப்பநிலை. குளிரில் விறைத்து மரக்கட்டையாகும், வெயிலில் குழையும். குளிர்ந்த காலையில் பேடை இறக்கத்துக்குச் சற்று முன்னால் மாட்டாமல், புறப்படும்போதே மாட்டிவிட்டால் உடல் சூட்டில் இளகி, காலின் வடிவத்துக்கு வந்துவிடும். வெப்பமான இடங்களில் ஓட்டுகிறவர்கள் டி பிளஸ் குறி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

கோராய்டு போன்ற குழல் அமைப்புகள் வேறு ரகம். குழல்கள் நசுங்கித்தான் ஆற்றலை விழுங்குகின்றன. நசுங்கிய இடம் பழைய நிலைக்கு வராது. பெரிய அடிக்குப் பிறகு அந்தத் தகட்டை மாற்றியே ஆக வேண்டும்.

ஜூன் 9

மேலே பிளாஸ்டிக் ஓடு வேண்டுமா? பாறைத் தடம் என்றால் வேண்டும். கூரான கல்லின் குத்தை ஓடு பரவலாக்கும். தரையில் வழுக்கிக்கொண்டும் போகும். வெறும் நுரை கல்லைப் பிடித்துக்கொள்ள, பேட் நிற்கும், கால் நகரும். மண் தடமும் நீண்ட ஏற்றமும் என்றால் ஓடு தேவையில்லை. உள்ளே மென்பேடும் மேலே தேய்மானத்தைத் தாங்கும் அராமிட் துணியும் போதும்.

ஜூன் 13

எந்த லெவலாக இருந்தாலும், அடி விழும் நொடியில் சில்லின் மேல் இல்லாத பேடால் பயனில்லை. அதனால் அளவுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

நேராக நின்று, தசையைத் தளர்த்தி, சில்லின் நடுவிலிருந்து மேலே தொடைச் சுற்றளவையும் கீழே கெண்டைக்காலின் சுற்றளவையும் டேப்பால் அளக்கவும். பல நிறுவனங்கள் 10 சென்டிமீட்டர் தள்ளி அளக்கச் சொல்லும், சில 15. அந்தந்த அட்டவணையில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் நடுவே வந்தால், உறை வகையில் சிறியதை எடுக்கலாம், ஏனென்றால் எலாஸ்டிக் போகப் போகத் தளரும். கால் மரத்துப்போனால் மட்டும் பெரியது. தொடை பெரியதாகவும் கெண்டைக்கால் மெலிந்தும் இருப்பவர்களுக்கு உறை வகை நிற்காது. மேலும் கீழும் தனித்தனிப் பட்டை உள்ளதைத் தேட வேண்டும்.

மாட்டும்போது முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு, சில்லைப் பேடின் குழியில் உட்காரவைத்த பிறகே பட்டைகளை இழுக்க வேண்டும். நேராக நின்று மாட்டினால் சைக்கிளில் உட்கார்ந்ததும் பேட் இடம் மாறும். கீழ்ப்பட்டை கெண்டைக்கால் சதை புடைக்கத் தொடங்கும் இடத்துக்கு மேலே, முழங்காலுக்குச் சற்றுக் கீழே இறுக வேண்டும். சதையின் புடைப்பே அதைத் தாங்கிப் பிடிக்கும். புடைப்புக்குக் கீழே கட்டிய பட்டை ஒரு மணி நேரத்தில் கணுக்காலை நோக்கிப் பயணப்படும்.

சரிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சிலிக்கான் பட்டைக்கு அடியில் சன்ஸ்கிரீனோ எண்ணெயோ இருந்தால் பிடிக்காது. பேடின் மேல்விளிம்பு ஷார்ட்ஸின் லைனர் (உள்துணி) மேல் ஏறியிருந்தாலும் பிடிக்காது. சிலிக்கான் தோலைத் தொட வேண்டும். முழங்கால் மடிப்பில் துணி திரண்டு உறுத்தினால் அது அளவுக் குறை இல்லை, வெட்டுக் குறை. பின்புறம் திறப்போ மெல்லிய வலையோ உள்ள மாடலைப் பார்க்கவும்.

ஜூன் 14

வீட்டில் சோதிக்கும் முறை. பேடை மாட்டி முழுதாகக் குந்தி எழவும். பிறகு சைக்கிளில் ஏறிப் பத்து நிமிடம் பெடல் மிதிக்கவும். அதன்பின் கம்பளத்தில் மண்டியிட்டு, உடல் எடையை முழங்காலில் போட்டு முன்னால் இழுபடவும். விழுந்து வழுக்கும்போது தரை பேடைக் கணைக்காலை நோக்கித் தள்ளும். இதுவும் அதே திசைதான். எழுந்து பார்க்கும்போது சில்லின் மேல்விளிம்பு வெளியே தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைசிச் சோதனை, இன்னொருவரைக் கீழ்விளிம்பைப் பிடித்து இழுக்கச் சொல்வது. பலரும் தவிர்ப்பது மண்டியிடும் சோதனையைத்தான். மற்றவை எதுவும் அந்த அளவுக்கு உண்மையைச் சொல்வதில்லை.

சில்லுக்குக் கீழே கணைக்கால் எலும்பு மேடிட்டிருக்கும் இடம் வரை பேட் நீள்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கவும். ஸ்டெம்மில் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பகுதி) மோதுவது அந்த மேடுதான்.

கூரான பின்கள் உள்ள தட்டை பெடல் வைத்திருப்பவர்களுக்குக் கணைக்கால் தனிப் பிரச்சினை. கால் நழுவியதும் பெடல் சுழன்று வந்து எலும்பைக் கிழிக்கும். இதற்குத் தடித்த நுரை அவசியமில்லை. அந்தப் பின்கள் நுழையாத மெல்லிய ஷின் கார்டு போதும்.

ஜூன் 17

முழங்கை. கை மணிக்கட்டை நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால் முழங்கை பேடுக்குச் சரிவது இயல்பு. மேல்பட்டை கையின் புடைப்புக்கு மேலே நிற்க வேண்டும், ஆனால் முன்கை வீங்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து முன்கைத் தசை உப்பும்; வீட்டில் சரியாக இருந்த பட்டை அங்கே விரலை மரக்கச் செய்யும். பேட் முழங்கை முனையோடு நிற்காமல் முன்கை எலும்பின் வெளிப்புறத்தில் சில அங்குலம் இறங்கினால் நல்லது. பக்கவாட்டில் விழும்போது உரசுவது அந்தப் பகுதி.

ஜூன் 21

முதுகுக் கவசத்தின் அளவைச் சட்டை அளவால் முடிவு செய்யக் கூடாது. இடுப்பிலிருந்து தோள் வரையிலான நீளம் லேபிளில் சென்டிமீட்டரில் இருக்கும். அதைத்தான் ஒப்பிட வேண்டும். மாட்டிக்கொண்டு, ஹெல்மெட் அணிந்து, ஓட்டும் நிலையில் குனிந்து, தொலைவில் உள்ள தடத்தைப் பார்ப்பது போலத் தலையைத் தூக்கவும். ஹெல்மெட்டின் பின்விளிம்பு கவசத்தில் முட்டினால் நீளம் அதிகம். கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்த்தால் இது தெரியாது.

முதுகுக் கவசம் நேரடி அடியை, பாறை முனையை, மரக்கட்டையைத் தாங்கும். முதுகெலும்பு அளவுக்கு மீறி மடங்குவதையோ, தலைகீழாக விழுந்து நசுங்குவதையோ அது தடுக்காது.

தண்ணீர்ப் பையில் செருகிய கவசம் வெயிலுக்கு வசதி. ஆனால் பை ஆடினால் கவசமும் ஆடும். மார்புப் பட்டை, இடுப்புப் பட்டை இரண்டையும் இறுக்கியாக வேண்டும். பம்ப், மல்டிடூல், செயின் பூட்டு போன்ற உலோகங்களைக் கவசத்துக்கும் முதுகுக்கும் நடுவே வைக்கவே கூடாது. அடி விழும்போது அவை எலும்பில் இறங்கும்.

மார்புக் கவசம் முதன்மையாக ஹேண்டில்பாருக்காக. அதோடு ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் மூடி இருக்கிறதா என்று பார்க்கவும். திறந்த குழாய் முனை சதையை வட்டமாக வெட்டும்; அந்தச் சின்ன மூடி தொலைந்த வண்டியோடு மார்புக் கவசம் போட்டுச் சுற்றுகிறவர்கள் நிறைய.

ஜூன் 22

காறை எலும்பைக் காக்கும் பேட் என்று எதையும் நம்பி வாங்க வேண்டாம். தோளில் விழும் சுமை அந்த எலும்பின் வழியாகவே போகிறது; தோள் பேட் சிராய்ப்பையும் நேரடிக் குத்தையும் குறைக்கும், அவ்வளவுதான். முழங்கால் பேடும் ஜவ்வு கிழிவதைத் தடுக்காது. முறுக்கத்தைத் தடுக்க, கீல் வைத்த பிரேஸ் என்ற வேறு பொருள் இருக்கிறது.

ஜூன் 26

கழுத்து பிரேஸ் தலை எல்லைமீறிச் சாயும்போது ஹெல்மெட்டின் விளிம்பைத் தாங்கி, சுமையைத் தோளுக்கும் மார்புக்கும் மாற்றுவதற்காக அமைந்தது. ஃபுல்-ஃபேஸ் ஹெல்மெட் இல்லாமல் அது வேலை செய்யாது, தாடைப்பகுதி இருந்தால்தான் விளிம்பு வந்து உட்காரும். மார்பு-முதுகுக் கவசத்தின் மேல் மாட்டும்போது கவசத்தின் மேல்விளிம்பு பிரேஸைத் தூக்கிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கினால் தலையை அசைக்கவே முடியாது, தடத்தைப் பார்க்க முடியாமல் விழ நேரும். மூன்றையும் ஒன்றாகக் கடைக்கு எடுத்துப்போய்ப் பொருத்திப் பார்க்கவும். தனித்தனியாக வாங்கிப் பொருந்திப்போனால் அதிர்ஷ்டம்.

ஜூன் 30

இடுப்பு: பேட் வைத்த உள் ஷார்ட்ஸ். இடுப்பெலும்பின் பக்கமும் வால் எலும்பும் மூடியிருந்தால் போதும். தொடை முன்பக்கத்துப் பேட் மிதிக்கும்போது உரசும். கழற்ற வருமானால் கழற்றிவிடலாம்.

ஜூலை 3

துவைப்பது. செருகு பேடை முதலில் உருவி எடுக்கவும். வெல்க்ரோவை மூடிவிட்டு, உறையை 30 டிகிரிக்கு மேல் போகாத நீரில் மென்மையான சோப்பால் கையில் அலசவும். பிளீச் வேண்டாம், துணி மென்மையாக்கியும் வேண்டாம். பின்னது சிலிக்கான் மேல் படிந்து பிடிப்பைக் கெடுக்கும். டிரையரும் வெயிலும் நுரைக்கு ஆகாது, நிழலில் காயட்டும். மூடிய காருக்குள் போட்டு வைப்பதும் வெயிலில் போடுவதும் ஒன்றே. உருவிய பேடை ஈரத்துணியால் துடைத்தால் போதும். திரும்பச் செருகும்போது வலது, இடது மாறாமலும் குழிந்த பக்கம் உள்ளே இருக்கும்படியும் பார்க்கவும். தலைகீழாகச் செருகிய பேடுகள் எவ்வளவோ உண்டு.

மாற்ற வேண்டிய அடையாளங்கள்: விரலால் அழுத்திய பள்ளம் திரும்பாதது, மடித்தால் விரிசல் தெரிவது, விளிம்பு பொடியாக உதிர்வது, ஓட்டில் கீறலைத் தாண்டிய பிளவு. பேட் நன்றாக இருந்து வெல்க்ரோ மட்டும் பிடிக்கவில்லை என்றால், பழைய பல்துலக்கியால் கொக்கிகளில் சிக்கிய நூலையும் முடியையும் வாரி எடுத்துப் பார்க்கலாம். அப்படியும் நிற்காத பட்டையை ஒரு தையல்காரர் மாற்றித் தைத்துவிடுவார்.